இது ரொம்ப ஓவர்

ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர், அக்காவைவிட இரண்டு மாதம் மூத்தவள். ஆனால் அவளை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் 'அக்கா' என்றால் அது ஒரே ஒரு நர்ஸைத்தான் குறிக்கும். வார்டு ஆயாவுக்கு அவள் அக்கா, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு அக்கா, தலை முழுக்க நரைத்த பெரிய சர்ஜனுக்கும் அக்கா. நோயாளிகள் வீட்டுக்குக் கிளம்பும்போது இன்சார்ஜிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அக்காவிடம் போய்ச் சொல்லிக்கொண்டு புறப்படுவார்கள். இன்சார்ஜின் புருஷன்கூட, நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், அக்கா எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்பான். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்பது எதிரே உட்கார்ந்திருப்பதால் தெரிந்துவிடுகிறது போலும்.

இருவரும் ஒரே வருஷம் நர்ஸிங் சேர்ந்தவர்கள். ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறை. சுவரில் மணிவாரியாக அட்டவணை ஒட்டி, தலை குளிப்பதற்குக்கூட நேரம் குறித்தவள் என்பதால் இன்சார்ஜுக்கு 'டைம்டேபிள்' என்று பெயர் வைத்தது அக்காதான். பிறகு இதே வார்டில் பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தார்கள். இன்சார்ஜ் பதவி காலியானபோது, நாற்காலியெல்லாம் தனக்கு ஒத்துவராது என்று அக்கா மனுவே போடவில்லை. டைம்டேபிள் போட்டாள், கிடைத்தது. கிடைத்த அன்றைக்கே டீ அறையில் அவளுக்கு இடம் போயிற்று. வராதே என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே நுழைந்தால் எல்லாரும் எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

டீ அறை என்பது மருந்து அலமாரிக்குப் பின்னால் ஜன்னல் சரியாக மூடாத ஒரு பொந்து. ஒரு மேஜை, ஆறு ஸ்டூல், கைப்பிடி உடைந்த ஒரு கெட்டில். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, போகிறவர்கள் வருகிறவர்களிடம் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பதற்கு 'ஓவர் கொடுப்பது' என்று பெயர். அந்த ஓவர் இங்கேதான் நடக்கும். அக்கா நடுவில் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்க்காமல் இருபத்திரண்டு பேரையும் சொல்லுவாள். யாருக்கு வலி, யாருக்கு வீம்பு, யாருடைய மச்சான் டாக்டரிடம் சண்டைக்கு நிற்கிறான் என்பது உட்பட எல்லாம் அதில் வரும். சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

அப்படி ஒரு மத்தியானம் உள்ளே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே ஐந்தாம் கட்டிலில் ஒருவருக்குத் தையல் பிரிந்து போர்வைக்குள் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. 'ஐந்தாம் பெட் நல்லா இருக்கார்' என்று ஓவரில் சொல்லியாகிவிட்டது. முக்கால் மணி கழித்து போர்வையை விலக்கிப் பார்த்தது, புதிதாக இன்சார்ஜ் ஆகியிருந்தவள்தான். மனிதர் பிழைத்தார். ஆனால் அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள்: இனி ஓவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான், நோயாளியைப் பார்த்துக்கொண்டுதான். மேட்ரனிடம் போய்ச் சொன்னாள். மேட்ரன் இரண்டு மாதம் கெடு கொடுத்தாள். ஓடினால் சரி, ஓடாவிட்டால் பழையபடி. வார்டை நடத்த இவளுக்குத் தெரியுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும் என்று ஒரு வார்த்தை கூடுதலாகவும் சொல்லி அனுப்பினாள்.

இன்சார்ஜ் செய்த முதல் காரியம் நோட்டீஸ் ஒட்டியது. வேறென்ன செய்வாள், டைம்டேபிள் அல்லவா? ஒன்பது விதிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு. மறுநாள் காலை பார்த்தால் அதன் அடியில் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'இந்த ஓவர் ரொம்ப ஓவர்.' யாரோ என்ன யாரோ, அந்த உருண்டைக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் மூன்று வருஷம் நோட்ஸ் எழுதினாள். கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டதுதான் கொடுமை. இதை எழுதியபோது எத்தனை பேர் சுற்றி நின்று சிரித்திருப்பார்கள், அந்தச் சிரிப்பில் தான் இல்லையே என்று நினைத்ததும் வந்த சிரிப்பு நின்றுவிட்டது.

எதிர்ப்பு என்று யாரும் எதிரே வந்து நிற்கவில்லை. சொன்னபடி கட்டில் கட்டிலாக நின்றார்கள். "ஏழாம் பெட், மாற்றமில்லை. எட்டாம் பெட், மாற்றமில்லை" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். ஒப்பித்து முடித்ததும் டீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவைச் சுற்றி உட்கார்ந்து உண்மையான ஓவரைக் கொடுத்தார்கள். இன்சார்ஜ் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரை டீ அறையைப் பூட்டினாள். அது அவள் செய்ததிலேயே மோசமான காரியம். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பைகள் உள்ளே இருந்தன. இரண்டு பத்து பஸ்ஸை நாலு பேர் தவறவிட்டார்கள். அன்றைக்கு முதன்முறையாக, ஹாஸ்டல் பெயர் முதுகுக்குப் பின்னால் அவள் காதில் விழுந்தது. புதிதாகச் சேர்ந்த, எல்லாரும் 'புதுசு' என்று கூப்பிடுகிற பெண், "டைம்டேபிள் சாவியை எப்ப தரும்?" என்று ஆயாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூட்டைத் திறந்துவிட்டாள், டீ அறை ஓவரும் பழையபடி தொடர்ந்தது. ஆனால் அந்தப் பெயர் நெஞ்சில் முள்ளாக நின்றது. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பெயர். அதை எடுத்து இந்தச் சின்னப் பெண்ணுக்குத் தானம் பண்ணிவிட்டாளே!

கெடுவில் ஆறு வாரம் ஓடியிருந்தபோது அது நடந்தது. டீ அறை ஓவரில் நோயாளிகளுக்கு நம்பர் கிடையாது, பட்டப்பெயர்தான். ஏழாம் கட்டிலில் ஒரு கணக்கு வாத்தியார், குடலிறக்கத்துக்கு நாலு மணிக்கு ஆபரேஷன். அன்று காலைதான் பன்னிரண்டாம் கட்டிலில் காலில் சர்க்கரைப் புண்ணோடு ஒரு ஓவிய வாத்தியார் வந்து சேர்ந்திருந்தார். "வாத்தியாருக்கு வாயில ஒண்ணும் குடுத்துடாதீங்கடி" என்று அக்கா சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். புதுசுக்குத் தெரிந்த வாத்தியார் பன்னிரண்டாம் கட்டில்காரர்தான். அவர் ஸ்கேனுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்து, இன்சுலின் போட்டுக்கொண்டு, அப்போதுதான் சாப்பாட்டுத் தட்டை மடியில் இழுத்து வைத்திருந்தார். புதுசு ஓடிப்போய் தட்டைப் பிடுங்கிவிட்டாள். கணக்கு வாத்தியார் ஆயாவிடம் ஒரு டீ கேட்டு வாங்கி நிம்மதியாகக் குடித்தார்.

மூன்று மணிக்குப் பன்னிரண்டாம் கட்டிலில் மனிதருக்கு வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறியது. இன்சார்ஜ்தான் முதலில் பார்த்தாள். விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். அவர் கண்ணைத் திறந்து, தன் தட்டு எங்கே என்று கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. அந்த உயிரோடு ஒட்டிக்கொண்டு ஒரு சந்தோஷமும் வந்தது. மறைப்பானேன், நல்ல கொழுத்த சந்தோஷம். அக்கா தப்புப் பண்ணிவிட்டாள். காகிதம் பார்க்காத அக்கா, எல்லாருடைய அக்கா, மாட்டிக்கொண்டாள்.

நடந்த தவறின் விவரத்தை எழுதும் படிவத்தை எடுத்துக்கொண்டு டூட்டியில் இருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்தாள். வாத்தியார் என்று சொன்னது யார்? புதுசு அழுதாள், சொல்லவில்லை. மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். ஆபரேஷன் தள்ளிப்போன கோபத்தில் சர்ஜன் வந்து கத்திவிட்டுப் போனார். மெமோ கொடுப்பேன் என்று இன்சார்ஜ் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றே எழுதிக்கொள்ளும்படி புதுசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். இன்சார்ஜின் கையில் பேனா அப்படியே நின்றது. நாளைக்குத் தனக்கு ஒன்று என்றால் இந்த வார்டில் ஒருத்தியாவது இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பாளா? கொழுத்த சந்தோஷம் அந்தக் கேள்வியில் பாதியாக இளைத்துவிட்டது.

யார் போன் செய்தார்களோ, நாலரை மணிக்கு அக்கா சீருடை இல்லாமல், வீட்டுச் செருப்போடு வந்து நின்றாள். நேராகப் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு இன்சார்ஜின் மேஜைக்கு வந்தாள்.

"நான்தான் சொன்னேன். எழுது."

இன்சார்ஜ் எழுதினாள். ஒரு வார்த்தையைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அக்கா படித்துப் பார்த்து உருண்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அக்கா டீ அறைக் கதவைத் தன் கையால் சாத்திவிட்டு, முதல் கட்டில் அருகே போய் நின்றாள்.

"எல்லாரும் இங்க வாங்கடி. இனிமே ஓவர் இங்கதான்."

வந்தார்கள். ஒன்பது விதிக்கும் ஒரு பூட்டுக்கும் வராதவர்கள், இந்த ஆறு வார்த்தைக்கு ஓடி வந்தார்கள். கட்டில் நம்பர், நோயாளி பெயர், அதன்பிறகே மற்றதெல்லாம் என்று அக்கா ஆரம்பித்தாள். நோயாளியையும் பேச விட்டாள். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து வார்டின் இரு முனையிலிருந்தும் தொடங்கினால் இரண்டு பத்து பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பதும் அவள் யோசனைதான். இது ஒன்றும் பெரிய மூளை கேட்கிற விஷயமில்லை. 'இதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?' என்று கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். இன்சார்ஜ் கேட்கவில்லை, நோட்டீஸ் ஒட்டினாள். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது. கெடு முடிவதற்குள் நோயாளிகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: 'அக்கா ஓவர்.'

மேட்ரன் ஒரு மத்தியானம் முழுதும் நின்று பார்த்துவிட்டு இன்சார்ஜை அறைக்குக் கூப்பிட்டாள். ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது என்றாள். பெண்கள் வார்டிலும் இதை ஆரம்பிக்க வேண்டும், கற்றுக்கொடுக்க மூன்று மாதத்துக்கு ஓர் ஆளை அனுப்பு, நீயே போனாலும் சரி என்றாள். இன்சார்ஜ் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அக்காவின் பெயரை எழுதிக் கொடுத்தாள். இவளுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று வார்டே வாயைப் பிளந்தது. தான் கொண்டுவந்த திட்டத்தின் பெருமையை அக்காவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டாளாம். சர்ஜன்கூட நின்று பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டு ஒவ்வொன்றும் அவள் முகத்தைச் சுளிக்க வைத்தது. அவள் விட்டுக்கொடுக்கவெல்லாம் இல்லை. மூன்று மாதம் அந்த டீ அறை அக்கா இல்லாமல் இருக்கும் என்பதைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை.

பொருட்களைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா சொல்லிக்கொள்ள வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"என்னை அனுப்பிட்டா அவளுங்க உன்கிட்ட வந்துடுவாளுங்கன்னு நினைக்கிறியா, டைம்டேபிள்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், "ஆமா" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சரி பார்ப்போம் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனாள்.

மறுநாள் ஓவர் ஒழுங்காக நடந்தது. அக்கா இல்லாமலேயே கட்டில் கட்டிலாக நின்று பார்த்தார்கள், கேட்டார்கள், குறித்தார்கள். இன்சார்ஜ் ஒரு கட்டில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இது தன் பிள்ளை என்று ஒரு கணம் பூரித்தாள். மூன்று மணி சுமாருக்கு, டூட்டியில் இருந்தவர்களில் நாலு பேர் டீ குடிக்கப் போனதும், தானும் எழுந்து மருந்து அலமாரிவரை நடந்தாள். போவதற்கு ஒரு சாக்குக்கூட யோசித்து வைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் அதே சிரிப்பு. சிரிப்புக்கு நடுவில் அதே குரல். போகவே இல்லையா இவள் என்று பதறிக் கதவைத் தள்ளினாள்.

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். மேஜைமேல் கெட்டிலில் சாய்த்து வைத்த செல்போன்.

"ஏதாவது வேணுமா மேடம்?" என்றாள் புதுசு.

"யாருடி வந்தது?" என்றது போன்.

புதுசு போன் பக்கம் குனிந்து, "மேடம்தான்க்கா" என்றாள் மெதுவாக.

"எதுக்கு வாசல்லயே நிக்க விட்டிருக்கீங்க? உள்ள வந்து உக்காரச் சொல்லுங்கடி. அவளுக்கு டீயில சக்கரை ரெண்டு ஸ்பூன் போடணும்."

ஒருத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இன்னொருத்தி சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். மற்ற இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள், இன்சார்ஜ் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே. இன்சார்ஜ் ஆனதிலிருந்து அவள் முன்னால் அந்த அறையில் யாரும் உட்கார்ந்தது இல்லை. தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம், அந்த வாக்கியம் எப்போதும் தயாராகவே இருக்கும். இத்தனை செய்து, வேறு வார்டுக்கே அனுப்பி வைத்து, கடைசியில் உள்ளே வா என்று கூப்பிடவும் அக்காவேதான் வேண்டியிருந்தது என்று இன்சார்ஜுக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடேயே உள்ளே போய் உட்கார்ந்து, டீக்குக் கையை நீட்டினாள்.