பதினொரு தேதிகள்

எங்கள் வட்டாரக் கவிஞர்களுக்கு ஒரு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, தேதி தவறாமல் குறித்து வைப்பது என் வழக்கம். அது புத்தகமாக அச்சுக்குப் போகவிருந்த மாதத்தில், திகாம் பத்து ஊரின் வாசகர் வட்டத்தில் பழைய கிரேக்கக் கவிஞர்களைப் பற்றிப் பேசினேன்.

தீவில் பிறந்த ஒரு பெண் கவிஞரைப் பற்றிச் சொன்னபோது குரல் உயர்ந்துவிட்டது. ஆண் கவிஞர்களின் பாட்டைப் பேசியவர்கள் அவளுக்கு மட்டும் காதலர்களைத் தேடினார்கள். காதலுக்காகப் பாறையிலிருந்து குதித்தாள் என்று கதை கட்டினார்கள். புகழ்ந்தவர்களும் கலைத் தெய்வங்களோடு சேர்த்தார்களே தவிர, கவிஞர்களோடு உட்காரவைக்கவில்லை என்றேன். கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் இருந்த பெண் எழுந்தார். சிடாம் கிரியிலிருந்து வருபவர், குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் கூட்டங்களில் கவிதை வாசிப்பவர்.

"அந்த அம்மாவ விடுங்க அண்ணே. உங்க நோட்டுல என் பக்கத்தப் படிங்க."

நோட்டு வீட்டில் இருக்கிறது என்றேன்.

"பையில நீட்டிக்கிட்டு தெரியுது லா."

யாரோ சிரித்தார்கள். எடுத்துப் படித்தேன். இன்னாரின் மனைவி. கணவர் பிரிந்துவிட்டார். வேறொருவருடன் பழக்கம் என்று கேள்வி. கூட்டங்களில் தேநீருக்கு உதவுவார். அவ்வளவுதான். அந்தக் கேள்வி யாரிடமிருந்து வந்தது என்றுகூட நான் குறிக்கவில்லை. முந்தைய பக்கத்து ஆண் கவிஞருக்கு, அவர் வாசித்த ஒவ்வொரு கவிதைக்கும் நாளும் கிழமையும் இருந்தன.

அந்தப் பெண் உட்காரவில்லை.

"இதே மேசையில பதினோரு தடவ படிச்சிருக்கேன் அண்ணே. எல்லாத் தடவையும் நீங்க முன்னாலதான் உக்காந்திருந்தீங்க."

ஒரு வரியாவது நினைவுக்கு வருகிறதா என்று தேடினேன். அவர் தேநீரில் சர்க்கரை குறைவாகப் போடுவார் என்பதுதான் வந்தது.

அடுத்த ஞாயிறு நோட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டதாகச் சொன்னேன். நாற்காலி போட்டார். தன் பழைய காலண்டர்களைக் கொண்டுவந்து, வட்டமிட்ட நாள்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொன்றையும் எழுதிக்கொண்டு, கவிதைகளைக் கேட்டேன்.

"தேதிதான உங்களுக்கு முக்கியம்? எழுதிட்டீங்கள்ல," என்றார்.

புத்தகம் வந்துவிட்டது. அவர் பக்கத்தில் பதினொரு தேதிகள் இருக்கின்றன. கீழே ஒரு வரிகூட இல்லை.