எவர்ட்டின் முக்காலியும் எல்லையோரப் பைன் மரமும்

எவர்ட் லிண்ட்வால் ஒரு பொருள் வாங்க முடிவெடுப்பதற்குள் இரண்டு முறை பனி பெய்து உருகிவிடும். சமையலறை அடுப்பு வாங்க மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார். அது வீட்டுக்கு வந்த அன்றே பழைய அடுப்பே தேவலை என்றும் சொன்னார். முப்பத்தெட்டு வருஷம் யெம்ட்லாண்டு மாகாணத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய மனிதர். முன்னால் என்ன புதைந்து கிடக்கிறதென்று தெரியாமல் வண்டியை விடக்கூடாது என்பது அந்த வேலையின் விதி. அதை ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

துப்பாக்கியைத் தாங்கும் முக்காலி விஷயத்தில் மட்டும் அப்படி ஆறப்போட முடியவில்லை. போன செப்டம்பரில், வழக்கமாகத் தான் நிற்கும் கல்மேட்டிலிருந்து ஒரு மூஸ் மானைச் சுட்டார். அறுபது மீட்டர்கூட இருக்காது. குண்டு தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. நாயை விட்டு இரண்டு நாள் தேடி, சதுப்பு நிலத்துக்கு அப்பால் அதைக் கண்டுபிடித்துச் சுட்டு முடித்தார்கள். "எல்லாருக்கும் நடக்கறதுதான், விடு" என்றார்கள் வேட்டைக் குழுவில். எல்லாருக்கும் நடப்பது இல்லை என்று எவர்ட்டுக்குத் தெரியும். அவருடைய கை நடுங்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு மான் தன்னால் அப்படித் துடித்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவது என்று தனக்குள் சத்தியம் செய்துகொண்டார். வேட்டை இல்லாத செப்டம்பரை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நடுக்கம் மனைவி குன்வோருக்கு மட்டும் தெரியும். குழுவுக்குத் தெரிந்தால் தீர்ந்தது கதை. முக்காலி வைத்துச் சுடுபவனுக்கு அங்கே, கிழவர்கள் பிடித்து நடக்கும் வாக்கரை வைத்து, 'வாக்கர் தாத்தா' என்று பெயர். அந்தப் பெயரை முதலில் வைத்தவரே எவர்ட்தான்.

ஏப்ரலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். ஓஸ்டர்சுண்ட் நகரத்து வேட்டைச் சாமான் கடைக்காரருக்கு வாரம் இரண்டு முறை போன் போட்டார். கார்பன் கால் தூக்க லேசு, ஆனால் காற்றில் ஆடும். அலுமினியம் ஆடாது, ஆனால் மேடு ஏறுவதற்குள் முதுகு ஒடியும். நடுவில் பையைத் தொங்கவிடக் கொக்கி இருந்தால், கார்பனையே வாங்கிக் கல்லைக் கட்டித் தொங்கவிடலாம். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு மே மாதம் முழுவதும் ஆயிற்று.

"காலுக்கு அடியில ரப்பரா, முள்ளா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார் கடைக்காரர்.

"முள்ளு பாறையில கிறீச்சுனு கத்தும். ரப்பரு பாசியில வழுக்கும்."

"மாத்தி மாத்திப் போட்டுக்கற மாதிரியே இருக்கு."

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"ஏப்ரல்லயே சொன்னேன்."

அடுத்து, துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்கும் கவ்வி. அதற்குக் கீழே எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டைத் தலை. அது சமமாக இருக்கிறதா என்று காட்ட ஒரு நீர்க்குமிழி மட்டம். உறை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். அதன் ஒட்டுப்பட்டையைப் பிரித்தால் பர்ரென்ற சத்தத்துக்கு மான் என்ன, ஊரே ஓடிவிடும்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு ஒரே ஒரு நடனம் போதுமா இருந்துச்சு. இந்த மூணு காலுக்கு நாலு மாசமா?" என்றாள் குன்வோர்.

"அன்னைக்கு அவசரப்பட்டதாலதான் இன்னைக்கு நிதானமா இருக்கேன்."

"அப்ப ராத்திரிச் சோத்துக்கும் நிதானமா இரு."

ஜூலையில் முக்காலி வந்து சேர்ந்தது. கொல்லையில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே கவ்வியில் தொலைநோக்கியை மாட்டிப் பழகினார். படம் ஆடாமல் நின்றால் கையும் அடங்கியிருக்கிறது என்று கணக்கு. ஐம்பது, எண்பது, நூறு மீட்டரில் குறிபார்க்கச் சிவப்பு நாடாக்களைக் கட்டினார். எண்பது மீட்டர் நாடா, உருளைக்கிழங்குப் பாத்திக்கு அப்பால் எல்லையில் நிற்கும் பைன் மரத்தில் போய் விழுந்தது. அங்கேதான் வந்தது வினை.

அந்த மரம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பாத்தியில் நிழல் விழுகிறது, வெட்டிவிடலாம் என்று எவர்ட் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே கூடாது என்று ஆறு வருஷமாக மறுத்துக்கொண்டிருந்தார் பக்கத்துத் தோட்டத்து ஹில்டிங். அவர்தான் வேட்டைக் குழுவின் தலைவர். யார் எங்கே நிற்பது என்று சொல்வது அவர். அந்தப் பைன் மரத்தடிதான் வேட்டையில் அவர் நிற்கும் இடம். குன்வோரின் காப்பி வாசம் எட்டும் இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் மரத்தில் நாடா கட்டினால் ரம்பம் வரப்போகிறது என்று அர்த்தம். நாடாவோடு நாடா வரிசையாக, முக்காலி, மட்டம், கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு ஆள் என்றால் நிலம் அளக்கிறான் என்று அர்த்தம். ஹில்டிங் வேலியில் வந்து சாய்ந்தார்.

"என்னடா எவர்ட், அளவு பலமா இருக்கு?"

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தில் கை நடுக்கம் இருந்தது. "சும்மாதான். கோடு எங்க போகுதுன்னு பார்த்தேன்" என்றார் எவர்ட்.

"எந்தக் கோடு?"

"பழைய கோடுதான்."

நுணலும் தன் வாயால் கெடும். ஹில்டிங் திரும்பிப் போனார். இருபது வருஷமாகத் தவறாத, எவர்ட் வீட்டுப் புதன்கிழமைக் காப்பிக்கு அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஆகஸ்டு நடுவில் குன்வோர் கடைக்குப் போய்விட்டு முகம் சிவந்து வந்தாள்.

"கல்மேட்டுல இந்த வருஷம் வேற ஆளை நிறுத்தப்போறாராம் ஹில்டிங். கடையிலயே பேசிக்கறாங்க. போய் உண்மையைச் சொல்லிட்டு வாய்யா."

"சொன்னாலும் கல்மேடு போச்சு, சொல்லாட்டியும் போச்சு" என்றார் எவர்ட். அன்று அவர் முக்காலியைத் தொடவே இல்லை.

வேட்டைக்கு ஒரு வாரம் இருக்கையில் ஹில்டிங் வந்தார். கக்கத்தில் சுருட்டிய வரைபடம். உட்கார மாட்டேன் என்றவர், எங்கள் ஊர் வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டுகள் விழும் சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"என் அப்பா காலத்துப் படம். மரம் என் பக்கம்" என்றார், மேசைமேல் அதை விரித்து.

"ஒரு மரத்துக்காக என்னைக் கல்மேட்டுலருந்து தூக்குவியா?"

"நீ மரத்தைத் தூக்கலாம், நான் உன்னைத் தூக்கக்கூடாதா?"

எவர்ட் பதில் சொல்லக் கோப்பையை எடுத்தார். அது தட்டில் கடகடவென்று தாளம் போட்டது. காப்பி சிந்தி, ஹில்டிங்கின் அப்பா காலத்து நிலத்தில் ஒரு புதிய ஏரி உண்டாயிற்று.

"போதும்!" என்றாள் குன்வோர். "இந்தக் கையை வச்சுக்கிட்டு இந்த மனுஷன் நிலம் அளக்கறாராக்கும்! அது சுடறதுக்கு வாங்குன முக்காலி ஹில்டிங். கை நடுங்குது. போன வருஷம் அந்த மானு அதனாலதான் அப்படிப் போச்சு. மரத்தை யாரும் வெட்டலை."

எவர்ட் தலை நிமிரவில்லை. கேலி வரப்போகிறது என்று காத்திருந்தார். தான் வைத்த பெயரே தன்மேல் விழப்போகிறது.

ஹில்டிங் வரைபடத்தைத் துடைத்தார். ஒரே இடத்தை நெடுநேரம் துடைத்தார்.

"ஆறு வருஷமா நான் சுடும்போது என் தோளைப் பிடிச்சுக்கறது அந்த மரம்டா" என்றார். "அதை வெட்டிட்டா நான் எதுல சாயறது?"

முதலில் குன்வோர்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள், யாரும் வராத நேரமாகப் பார்த்து இருவரும் குறிசுடும் திடலுக்குப் போனார்கள். மான் வடிவப் பலகையில் எவர்ட் முக்காலி வைத்து ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் ஒரு உள்ளங்கை அளவுக்குள் விழுந்திருந்தன. ஹில்டிங் அவரை நகர்த்திவிட்டுத் தானே துப்பாக்கியைப் பிடித்தார். அவருக்கும் ஐந்தும் அதே அளவுக்குள். "ரப்பரா, முள்ளா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. எவர்ட் முக்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பின்வரிசையில் எவனோ, "வாக்கர் தாத்தா வந்தாச்சு!" என்றான். கூடம் சிரித்தது.

"கல்மேடு எவர்ட்டுக்கு. முக்காலியோட" என்றார் ஹில்டிங், சிரிப்பு அடங்கக் காத்திராமல். "சிரிச்சவன் முன்னால வா. கோப்பை நிறையக் காப்பி தரேன், சிந்தாம ஒரு நிமிஷம் நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நில்லு, பார்க்கலாம்."

எவனும் எழுந்து வரவில்லை. ஹில்டிங் சுற்றிலும் ஒருமுறை முறைத்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். பட்டியலை முன்னால் மேசைமேல் வைத்திருந்தார். கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன.