எலி ஆராய்ச்சிக்காரியின் அறைத்தோழி

எனக்குப் பொறாமை அதிகம். அதை மறைக்கிற சாமர்த்தியமும் கிடையாது. முனைவர் பட்டத்துக்காகப் பல்கலைக்கழக விடுதியில் இருந்த வருடங்களில் கூட இருந்த அத்தனை பேர் மேலும் பொறாமைப்பட்டேன்.

சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் உட்காருகிறவள் கோடியக்கரைக்குப் போய்ப் பூநாரைகள் என்ன தின்கின்றன என்று பார்த்துவிட்டு வருவாள். எதிரே இருப்பவள் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வழியில் என்ன பாடுகிறார்கள் என்று பதிவு செய்தாள். வணிகவியல்காரி கும்பகோணம் கடைவீதியில் பெண்களை மறித்து, போன மாதம் வாங்கிய மசாலாவை இந்த மாதம் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டாள். ஆங்கிலத் துறைக்காரி தான் பார்த்தே இராத ஒரு நாட்டின் நாவல்களில் வருகிற தனிமையைப் பற்றி எழுதினாள். ஒருத்தி வேலைக்கும் அடுத்தவள் வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஊரில் யாராவது "என்னம்மா பண்றே?" என்று கேட்டால் அவர்கள் எல்லோரிடமும் சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. என்னிடம் இல்லை.

நான் கணிதம். கிராஃப் தியரி. தாளில் சில புள்ளிகள், அவற்றைச் சேர்க்கிற கோடுகள். அந்தப் புள்ளிகளில் சிலதை மட்டும் பொறுக்க வேண்டும். விட்டுப்போன ஒவ்வொரு புள்ளிக்கும், கோட்டின் மறுமுனையில், பொறுக்கிய புள்ளி ஒன்றாவது இருக்க வேண்டும். குறைந்தது எத்தனை பொறுக்கினால் போதும்? இதுதான் என் ஆராய்ச்சி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவள் குழம்புக் கரண்டியைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

எல்லோரையும்விட என்னை அதிகம் எரிய வைத்தவள் என் அறைத்தோழி. விலங்கியல். வயல் எலிகளைப் பற்றி ஆராய்ந்தாள். சென்னையில் வளர்ந்தவள், வரப்பில் நடந்தால் சேற்றில் விழுகிறவள். வளை தோண்ட வயல் வேண்டும் என்றாள். திருவிடைமருதூர் பக்கம் அப்பா குத்தகைக்குப் பயிர் வைக்கிற வயலுக்கு நானே கூட்டிப்போனேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்கு எலி என்றால் ஆகாது. பால் பிடிக்கிற கதிரை நறுக்கிப் போட்டுவிட்டுப் போகிற சனியன் என்பார். அந்தச் சனியனைப் பற்றிப் படிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து நின்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எலி பிடிக்க மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டுகிற கிட்டியை அவளுக்காக வரப்பு வரப்பாக வைத்தார். விழுந்த எலிகளை அவளுக்காகப் பத்திரமாக எடுத்து வைத்தார். அவள் போன் செய்து "அப்பா, வடக்கு வரப்புல புது வளை இருக்கா?" என்று கேட்பாள். அவர் கையில் இருக்கிற சோற்றை உதறிவிட்டுப் போய்ப் பார்ப்பார். என் தோழி என் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவாள், வேறு எப்படிக் கூப்பிடுவாள். இருந்தும் வயிறு எரிந்தது. நான் என்ன படிக்கிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒருமுறை டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி அப்பாவுக்காகக் காத்திருந்தேன். பெரிய பொண்ணு இப்ப என்ன பண்ணுது என்று உள்ளே யாரோ கேட்டார்கள். அப்பா சொன்ன பதில் காதில் விழுந்தது.

"யுனிவர்சிட்டில எலி ஆராய்ச்சி பண்ணுதே ஒரு பொண்ணு, அதோட ரூம்லதான் இருக்கு."

வீடு வந்து சேரும் வரை நான் அவரிடம் பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவளுடைய வாய்மொழித் தேர்வு முதலில் வந்தது. எங்கள் பக்கம் அது பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். முடிந்ததும் மிக்சர், ஸ்வீட், டீ, பொன்னாடை, போட்டோ. அப்பா கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டு, ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். பெருச்சாளியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டார். அரங்கமே சிரித்து மகிழ்ந்தது. நான் கடைசி வரிசைக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் தேர்வு குறுவை அறுப்பில் வந்து மாட்டியது. அறுப்பு மெஷின் முறைப்படிதான் வரும். நம் முறையை விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். நடுவில் மழை பிடித்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். அதே நாள் காலையில் எங்கள் முறை. அப்பா "பாக்கலாம்" என்றார். அவள் தேர்வுக்கு அவர் பாக்கலாம் என்று சொல்லவில்லை.

"மெஷினையே பாருங்க. நீங்க ஒண்ணும் வர வேணாம்" என்று கத்திவிட்டுப் பஸ் ஏறினேன். ஆனால் அவர் வர வேண்டும். அவளுக்காக உட்கார்ந்த அதே முதல் வரிசையில் எனக்காகவும் உட்கார வேண்டும். பட்டம் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலிதான் எனக்குக் கவலை.

தேர்வு தொடங்கியபோது அம்மா பக்கத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. பாதியில் அப்பா வந்தார். மெஷினைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு அறுப்புச் சட்டையோடு வந்திருந்தார். தோளெல்லாம் வைக்கோல் தூசி.

எங்கள் துறையில் கேள்விகளை ஜூனியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுவோம். அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். வேறு யாராவது என்று தலைவர் பேச்சுக்குக் கேட்டார். அப்பா எழுந்தார். எலியைப் பற்றிக் கேட்டு மானத்தை வாங்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்ன புள்ளியெல்லாம் வரப்பு கூடுற எடம்னு வச்சுக்குவோம். எல்லா எடத்துலயும் கிட்டி வைக்க வேணாம், பாத்து வச்சா கொஞ்சத்துலயே முடிஞ்சிடுங்கறீங்க. சரி. அதுல ஒரு கிட்டிய நாய் தூக்கிட்டுப் போயிட்டா?"

பெற்ற மகளை 'நீங்க' என்கிறார்.

"அதுக்கு ஒவ்வொரு எடத்துக்கும் பக்கத்துல ரெண்டு கிட்டி இருக்கற மாதிரி வைக்கணும்ப்பா. நாலாவது அத்தியாயம் அதுதான்."

"ரொம்பக் கூடுமோ?"

"வரப்பு எப்படி ஓடுதோ அதப் பொறுத்து."

"ஆமா, அது நியாயம்" என்று உட்கார்ந்தார். வெளியூர்த் தேர்வாளர் சிரித்தபடி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

டீ குடிக்கும்போது, இதெல்லாம் எப்படிப்பா தெரியும் என்று கேட்டேன்.

"எலிப் பொண்ணு நேத்து போன் பண்ணிச்சு. மண்ணுல குச்சியால கோடு போட்டுப் பாக்கச் சொல்லிச்சு. நீ பண்றது இவ்ளோ சுலபம்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அவள் என் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு என் தேர்வாளர்களுக்கு மிக்சர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன்டி என்கிட்ட சொல்லல என்று போய்க் கேட்டேன்.

"சொல்லியிருந்தா வேணாம்னுருப்பே."

சொல்லியிருப்பேன்தான். என் ஆராய்ச்சியை என் அப்பாவுக்குச் சொல்ல இவள் யார்? அவள் போன் செய்திருக்காவிட்டால் அவர் மெஷினை விட்டு வந்திருப்பாரா? அதை அப்பாவிடம் நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

இப்போது டீக்கடையில் யாராவது கேட்டால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார்: "எம்பொண்ணு கிட்டி எங்கெங்க வைக்கிறதுங்கறதுல டாக்டரு." தப்பு என்று திருத்தலாம். திருத்துவதில்லை. சொல்லிக்கொள்ள எனக்கும் ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது. அதுவும் அவள் கொடுத்ததுதான்.