ஜசிந்தா வேலை செய்யவில்லை என்று நான் சொன்னது

கழிப்பறை கழுவும் தூரிகையும் வாளியுமாக நிற்கிற மனிதனைப் பார்த்து "போன் வக்கான்ஸ்!" என்று வாழ்த்துகிற சனத்தை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? விடுமுறை நல்லபடி அமையட்டும் என்று பொருள். நான் தினமும் காண்கிறேன். காலை ஏழு மணிக்குத் தோளில் துவாயும் வாயில் பற்தூரிகையுமாக, அரைக் காற்சட்டையோடு வருகிற மொன்றியல்வாசிகள் என்னைத் தாண்டும்போது தவறாமல் இதைச் சொல்கிறார்கள். பகிடிக்கு அல்ல, மனதாரச் சொல்கிறார்கள். இது விடுமுறைக்கு வருகிற இடம். ஆகவே இங்கே நிற்கிற எல்லாரும் விடுமுறையில்தான் நிற்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முதல் மாதம் நன்றிக்கு "மெர்ஸி" என்றேன். இரண்டாம் மாதம் தலையை மட்டும் ஆட்டினேன். இப்போது வாளியை உயர்த்திக் காட்டுகிறேன். அதற்கும் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. அங்கிருந்து பாலத்தைக் கடந்து கொஞ்சத் தூரம் போனால் ஆற்றோரம் இந்தக் காம்பிங் தளம் வரும். வீடு வாசல் உள்ள சனங்கள் காசு கட்டி வந்து, கூடாரத்தில் படுத்து, விறகு எரித்து, நுளம்புக்கடி வாங்கி, சந்தோசமாகத் திரும்பிப் போகிற இடம். அகதி முகாம் கூடாரத்திலிருந்து தப்பி வந்தவர்கள் நாங்கள். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். எழுதினால் என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடும், இன்றைக்கு அதற்கு வேறு வேலை இருக்கிறது.

நானும் மனைவி ஜசிந்தாவும் மே மாதத்திலிருந்து இங்கே ஒரு ரூலொத்தில் குடியிருக்கிறோம். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சக்கர வீட்டுக்கு இவர்கள் சொல்கிற பெயர் அது. கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உண்டு. ஒருவர் தேத்தண்ணீர் வைத்தால் மற்றவர் கட்டிலில் ஏறிக் குந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மன்னாரிலிருக்கும் என் தங்கைக்குப் படம் அனுப்பினேன். போன் அட்டையில் காசு முடியும்வரை அவள் கேட்டது இரண்டே கேள்விகள்.

"வீட்டுக்கு ஏன் அண்ணை சில்லு? அப்ப வேலைக்குப் போகாமல் ரெண்டு பேரும் ஆத்தங்கரையிலையோ இருக்கிறியள்? குடுத்து வைச்சனீங்கள்."

குடுத்து வைத்த கதை இதுதான். கோட்-டெ-நெய்ஜில் அடுக்குமாடி ஒன்றில் எட்டு வருடம் இருந்தோம். நான் ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டினேன். தொழிற்சாலை ஒரு நாள் சீனாவுக்குப் போய்விட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வாடகையை எப்படிக் கட்டுவது என்று முழித்துக்கொண்டு நின்றபோது, கூட வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர் தன் பழைய ரூலொத்தை மலிவாகத் தந்து வழியும் சொன்னார். காம்பிங் தளத்தில் கிழமைக்கு இருபது மணித்தியாலம் வேலை செய்தால் நிறுத்த இடமும் தண்ணீரும் மின்சாரமும் சும்மா. அதற்கு மேல் செய்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சம்பளம். முதலாளி மிஸ்ஸியு ரேமோன் ஒரு படிவத்தை எடுத்து வைத்து, எனக்காகப் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்தில் ஆறுதலாகக் கேள்விகள் கேட்டார். பதில் சொன்னேன், கையெழுத்து வைத்தேன். ஜசிந்தா வெளியே காருக்குள் இருந்தாள்.

முதல் இரண்டு நாள் அவள் ரூலொத்துக்குள் இருந்தாள். மூன்றாம் நாள் கையுறையைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தாள். "ஒராளாச் செய்தால் மத்தியானம் திரும்பீடும்" என்றாள். ஜூன் மாதம் ரேமோனின் மனைவி, மகளுக்குப் பிள்ளை பிறந்ததென்று லொங்குய்யுக்குப் போனார், போனவர் வரவேயில்லை. வருகிற சனத்தைப் பதிகிற வரவேற்பு மேசை வெறுமையாகக் கிடந்தது. மணியடித்த போனை ஜசிந்தா எடுத்தாள். அன்றையிலிருந்து அந்த மேசை அவளுடையது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அரசாங்கம் சும்மா நடத்திய பிரெஞ்சு வகுப்புக்கு இரண்டு பேரும்தான் போனோம். நான் மூன்றாம் கிழமை கழன்றுகொண்டேன், அவள் பனிக்குள்ளும் விழுந்தெழும்பி முடித்தாள். இடம் பதிவது, திறப்புக் கொடுப்பது, காற்று வீசுகிற நாளில் நெருப்பு மூட்டாதே என்று குடித்தவனுக்கு விளங்கப்படுத்துவது எல்லாம் அவள். நாள் முழுக்க "ஜசிந்தா, ஜசிந்தா" என்று ரேமோனின் குரல் கேட்கும். பின்னேரம் "மெர்ஸி" சொல்லி ஒரு பை சோளப்பொத்தி கொடுத்துவிடுவார். யூலை முழுக்கச் சோளம் தின்றோம்.

பக்கத்து ரூலொத்தில் ஒன்ராறியோவிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சோடி, வெய்னும் டொரீனும். ஓய்வூதியக்காரர்கள். வருடத்துக்கு ஒரு தளமாக ஊர் சுற்றி இதே வேலையைச் செய்கிறவர்கள். டொரீன் ஒரு நாள் கேட்டாள், "ஜசிந்தாவுக்கு என்ன சம்பளம்?"

அவள் எனக்கு உதவி செய்கிறாள் என்றேன்.

"நீ கழிப்பறை கழுவுகிறாய். அவள் வரவேற்பில் இருக்கிறாள். அது எப்படி உனக்கு உதவி?"

தங்கள் இருபது மணித்தியாலமும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான், ஆளுக்குப் பத்து. அதற்கு மேல் கால்மணி நேரம் போனாலும் எழுதி வைப்போம் என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிற சனம், புருசன் பெண்சாதிக்கு இடையிலும் தராசு தூக்குகிற சனம் என்று ஜசிந்தாவிடம் வந்து சொன்னேன். அவள் சோளப்பொத்தியை உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பொத்தியை எடுத்தாள்.

ஓகஸ்ட் மாதம் எங்கள் பங்குக் கோயில் ஆள் ஒருவர், செபமாலை அக்கா, போன் எடுத்தார். கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர். அங்கே நோயாளரைப் பதிகிற மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள், பிரெஞ்சு தெரிந்தால் காணும், ஆனால் இந்த நாட்டில் அப்படியொரு வேலை செய்ததற்குக் கடிதம் வேண்டும் என்றார். புலம்பெயர்ந்த எல்லாரும் முட்டுகிற சுவர் இது. இங்கே வேலை செய்தவருக்குத்தான் இங்கே வேலை. ஜசிந்தா ஆறு வருடம் வீட்டிலிருந்து சேட்டுக் கொலர் தைத்தாள். துணியைத் தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்ததும் நான், காசை வாங்கியதும் என் பெயரில். அதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. ஆனால் இந்த முறை அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. "இப்ப என்னட்டைக் காட்டுறதுக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள். விண்ணப்பம் போய்ச்சேர நான்கு நாள் இருந்தது. கடிதம் கேட்க ரேமோனிடம் போனாள்.

அரைமணியில் திரும்பி வந்தாள்.

"என்ரை பேர் பதிவிலை இல்லையாம். இல்லாத ஆளுக்குக் கடிதம் எழுதேலாதாம்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. வாளியை எறிந்துவிட்டு நடந்தேன். இரண்டரை மாதம் ஒரு மனுசியின் உழைப்பைச் சோளப்பொத்திக்கு வாங்கிவிட்டு, பதிவில் இல்லையென்று சொல்ல என்ன நெஞ்சு வேண்டும்! வழிநெடுகச் சொற்களைக் கூர்தீட்டிக்கொண்டு போனேன். தமிழில்தான். மேசைக்கு முன்னால் போய் நின்றபோதுதான், இவ்வளவையும் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வாயில்லை, என் ஆங்கிலமும் கோபத்துக்குக் காணாது என்று விளங்கியது. பின்னால் வந்த ஜசிந்தாதான் மொழிபெயர்க்க வேண்டும். தன்னுடைய வழக்கைத் தானே இரண்டு பக்கமும் சொல்லவேண்டிய நிலை அவளுக்கு.

"இவருக்குச் சொல்லும், வேலை வாங்கத் தெரியும், பேர் எழுதத் தெரியாதோ எண்டு."

அவள் பிரெஞ்சில் சொன்னாள். நான் கத்தியதை அவள் கத்தாமல் சொன்னாள். ரேமோன் கோபப்படவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். கடைசி வரியில் விரலை வைத்து நீளமாக ஏதோ சொன்னார். ஜசிந்தா அந்த வரியை வாசித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், போனில் இட விபரம் சொல்கிற அதே குரலில் மொழிபெயர்த்தாள்.

"மே மாசம் இவர் கேட்டவராம், மனிசியும் வேலை செய்வாவோ எண்டு. இல்லை, அவ வேலை செய்யிற ஆளில்லை, சும்மா என்னோடை வாறா எண்டு நீங்கள் சொன்னனீங்களாம். உங்கடை கையெழுத்தும் இருக்கு."

ஓம், சொன்னேன். அந்தக் கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. பெண்சாதியைக் கழிப்பறை கழுவ வைக்கிற ஆள் இல்லை நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். சொல்லிவிட்டுப் பெருமையாகத்தான் காருக்கு வந்தேன்.

அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போது மன்னார் வீடு ஞாபகம் வந்தது. கலியாணம் முடித்த மறுவருடம், குடும்ப அட்டை பதிய ஊரின் அரசாங்க அலுவலர், விதானை, வந்திருந்தார். உள்ளே ஜசிந்தா, பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறதென்று அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காசில்தான் அந்த மாதம் அரிசி வாங்கினோம். "மனிசிக்குத் தொழில்?" என்று விதானை கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன். உள்ளே தையல் மெசின் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடத் தொடங்கியது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு இவருக்குச் சொல்லும்" என்றேன்.

"அதை நான் சொல்லமாட்டன்" என்றாள் ஜசிந்தா. "இல்லையெண்டு உங்கடை வாயாலைதானே சொன்னனீங்கள். ஓமெண்டும் நீங்களே சொல்லுங்கோ."

வெட்கம் என்றால் வெட்கம். மூன்று கிழமை வகுப்பில் மிஞ்சிய பிரெஞ்சையெல்லாம் பொறுக்கி, "மா ஃபாம் திரவாய்" என்றேன். என் மனைவி வேலை செய்கிறாள். ரேமோனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும், என் பெருமை அவருக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான். ஜூனிலிருந்து இந்தப் போனை எடுத்தது யார் என்று ஜசிந்தா அவரிடம் நேரே கேட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்த வரியை வெட்டி, அவள் பெயரை எழுதி, பக்கத்தில் என்னையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். சம்பளம் ஜூனிலிருந்து கணக்கு என்று அவள் கேட்டாள், யூலையிலிருந்து என்று அவர் இறங்கினார். கடிதம் அன்று பின்னேரமே கிடைத்தது.

கடிதத்தில் "மடாம் ஜசிந்தா குரூஸ்" என்றிருக்கிறது. கியூபெக்கில் கலியாணம் முடித்தாலும் பெண்களுக்குத் தகப்பன் வீட்டுப் பெயர்தான். அவள் அந்தப் பெயரைத் தாளில் பார்த்து எத்தனையோ வருடம். விண்ணப்பத்துக்கென்று கடிதத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, மூலத்தை எங்கள் பத்திரங்கள் கிடக்கிற பிளாஸ்திக் உறைக்குள் வைத்தாள். கடல் கடந்து எங்களோடு வந்த அந்தக் குடும்ப அட்டையும் அதற்குள்தான் இருக்கிறது, விதானையின் எழுத்தோடும் கீழே என் கையெழுத்தோடும். அவள் நேர்முகத்துக்குப் போன அன்று நான் அதை எடுத்துப் பார்த்தேன். மன்னாரில் அவளுக்குத் தொழில் இல்லை. இங்கே இருக்கிறது. இரண்டுக்கும் என் கையெழுத்து இருக்கிறது. இங்கேயுள்ளதைத் திருத்த மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார். அங்கே அந்த விதானையும் இல்லை, அந்த வீடும் இல்லை, திருத்துவதற்கு யாரிடம் போவதென்று எனக்குத் தெரியவில்லை.