சீழ் பிடிக்காத விரல்

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் கட்டுக்காரர். கட்டுப் போடும் அறையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்ததில் முழங்கால்கள் இரண்டும் முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டன. மீதி உடம்பு மட்டும் இன்னும் பணியில் இருந்தது. தினம் நாற்பது காயம். பிரிப்பது, துடைப்பது, மருந்து வைப்பது, கட்டுவது. மறுநாள் அதே நாற்பது பேர், அதே முனகல். முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. கட்டைப் பிரித்த பிறகுதான், "அட, நீங்க சைக்கிள் செயின்ல மாட்டின ஆளு இல்ல?" என்று நலம் விசாரிப்பார்.

அவருக்கு உலகத்தில் ஒரே பகை, சீழ். அதைக் கண்டால், பெருக்கி வைத்த கூடத்தில் யாரோ செருப்போடு நடந்த மாதிரி முகம் சுளிப்பார். சிவப்பு, வீக்கம், சூடு, வலி எதுவும் இல்லாமல் ஒழுங்காகக் கிடப்பதே அவர் அகராதியில் நல்ல காயம்.

ஒருமுறை டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். "கிருமி உள்ள வந்ததும் உடம்பு முதல்ல ஒரு படையை அனுப்பும். நீ யாரு, இதுக்கு முன்னாடி வந்திருக்கியான்னு விசாரிச்சுக்கிட்டு நிக்காத படை. ரத்தக் குழாய் விரிஞ்சு வழி விடும், இவங்க கும்பலா இறங்கிக் கிருமியை முழுங்குவாங்க. அதுதான் சிவப்பு, அதுதான் வீக்கம். அந்தச் சண்டையில செத்து விழுந்தவங்கதான் நீங்க துடைக்கிற சீழ்."

"சரிங்கம்மா" என்றார் கட்டுக்காரர். காலையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு துடைப்பவரிடம் போய் அதெல்லாம் தியாகிகள் என்றால் எவ்வளவு மரியாதைதான் வரும்?

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். அக்கா சட்டைக் காலர் தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதை அடக்க ஆறு வாரமாக மாத்திரை சாப்பிட்டு வந்தாள். ஒரு திங்கட்கிழமை, தையல் மிஷினின் ஊசி அவள் இடது சுட்டுவிரலில் ஏறி இறங்கியது. அன்று சாயங்காலம் தம்பி நாற்பத்தோராவது கட்டைப் போட்டார்.

வியாழக்கிழமை அவர் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோது அக்கா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ரெண்டு நாளா தொண்டையில முள்ளு வச்ச மாதிரி இருக்குடா. உடம்பும் சுடுது. இந்த மாத்திரை சாப்பிடுறப்ப தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தா, உடனே நிறுத்திட்டு ரத்தம் பாக்க வரச் சொன்னாங்க."

"முதல்ல விரலைக் காட்டு."

கட்டைப் பிரித்தார். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, ஒரு சொட்டுச் சீழ் இல்லை. களைப்பையும் மீறி அவர் முகத்தில் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்தது.

"பாத்தியா? கண்ணாடி மாதிரி இருக்கு. குத்தின இடமே இவ்வளவு சுத்தமா இருக்குறப்ப ரத்தத்துல என்ன வந்துடப் போகுது? இது வெறும் ஜலதோஷம். எல்லாம் என் கைராசிக்கா."

"ஆமா, உன் கையை மட்டும் மெச்சிக்கோ. தொண்டை என்னோடது" என்றாள் அக்கா. ஆனாலும் தம்பி ஆஸ்பத்திரிக்காரன், நம்பினாள். மாத்திரையும் தொடர்ந்தது.

உண்மையைச் சொன்னால், கைராசி பாதிதான் காரணம். நாள் முழுக்க அவர் பார்க்கும் அதே வரிசையில், லீவு போட்டுவிட்டுப் போய்த் தானும் நிற்க வேண்டும் என்று நினைத்தபோதே அவருக்குக் கால் கடுத்தது. நல்ல காயம் ஒன்று கையில் கிடைத்ததும் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஒரு தச்சர் வந்தார். அவருக்கும் திங்கட்கிழமைதான் விரலில் ஆணி ஏறியிருந்தது. இப்போது விரல் கத்திரிக்காய் போல வீங்கி, தொட்டால் கொதித்து, பிரித்ததும் சீழ் வழிந்தது.

"நாலு நாளா நீங்கதான் கட்டுறீங்க. கட்டுறீங்களா, ஊறப் போடுறீங்களா?" என்றார் தச்சர்.

எப்போதும் போலப் பதிலுக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அங்கேயே நின்றது. அதே திங்கட்கிழமை. அதே மாதிரிக் குத்து. இந்த விரலில் ஊரே திரண்டு வந்து மல்லுக்கட்டுகிறது. அக்காவின் விரலில் ஆறு நாளாக ஒரு சலசலப்பும் இல்லை. சிவக்கவில்லை, சரி, ஆறவும்தான் இல்லையே? நேற்று பார்த்தபோதும் அந்த ஓட்டை, குத்திய அன்று இருந்தபடியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அது அடங்கிய காயமில்லை. சண்டைக்கு அனுப்ப உள்ளே ஆளே இல்லை.

தச்சரின் கட்டை அவசரமாக முடித்தார். "கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக வரிசை காத்திருக்கும்போதே வெளியே நடந்தார்.

அக்காவை ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தபோது உடம்பு அனலாய்க் கொதித்தது. ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டரம்மா இரண்டு முறை படித்தார்.

"வெள்ளை அணுவில நூத்துக்கு அம்பதுக்கு மேல இருக்க வேண்டிய முதல் படை, ரெண்டுகூட இல்ல. அந்த மாத்திரைதான். ரொம்ப அபூர்வமா சிலருக்கு இப்படிப் பண்ணும். தொண்டை வலிச்சு எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள்மா. அவ சொன்னா. நான்தான், விரல்ல சீழ் இல்லையேன்னு..."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மாத்திரையை நிறுத்தினார்கள். தனி அறை, நரம்பில் மருந்து, புது அணுக்கள் பிறக்க ஊசி. பிழைப்பாளா என்ற கேள்விக்கு, "பாக்கலாம்" என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. விரல் கட்டை மட்டும் அவரே மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. தினமும் நாற்பது பேரின் சீழைத் துடைத்துவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போவார். பிரிப்பார். கண்ணாடி மாதிரி இருக்கும். கட்டுவார். நின்ற கால் வலித்தாலும் ஸ்டூலில் உட்கார மனம் வராது.

ஒன்பதாம் நாள் அவர் விரலைத் தொட்டதும் அக்கா கையைப் பறித்துக்கொண்டாள்.

"ஐயோ, வலிக்குதுடா! பாத்துத் தொடேன்."

"என்ன சொன்ன? வலிக்குதா?"

"செவிடா நீ?"

ஓட்டையைச் சுற்றி மெலிதாக ஒரு சிவப்பு வளையம். கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. லேசாக அழுத்தினார். கடுகளவு மஞ்சளாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. கட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகக்கவசம் நனைந்தது.

"சீழைப் பாத்துட்டு அழுவுறியா, சிரிக்கிறியா?" என்றாள் அக்கா. குரல் கம்மித்தான் இருந்தது. நக்கலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. "இவ்வளவு நாள் கைராசின்னு பீத்திக்கிட்ட. இப்ப அதுவும் போச்சு."

"போனா போகட்டும்க்கா."

பஞ்சை எடுத்தார். துடைக்கத்தான் வேண்டும், வேலை அது. ஆனால் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே நர்ஸ் கூப்பிட்டாள், தச்சர் வந்து காத்திருக்கிறாராம். "வரேம்மா" என்றார், முழங்கால் உடனே எழுந்திருக்கச் சம்மதிக்கவில்லை.