எதற்கும் ‘சரி’ என்கிற பிள்ளையை எங்கே சேர்ப்பது

என் மகளைப் படம் வரைகிற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று முதலில் சொன்னது நானில்லை, மிளகாய் அரைக்க வந்த ஒரு டீச்சரம்மா. எங்களுக்குக் கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற சாலையில் மாவு மில். அரவை முடிந்து மெஷினை நிறுத்தினால் தரையெல்லாம் மெல்லிசாக மாவு படிந்திருக்கும். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் அதில் குந்திக்கொண்டு விரலால் எதையாவது வரைவாள். அன்றைக்கு ஓர் எருமை போட்டிருந்தாள். அது கழுத்தைத் திருப்பி முதுகில் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இத யாரு சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டார். யாருமில்லை என்றேன். “அப்ப நல்ல எடமாப் பாத்து சேத்து வுடுங்க. இல்லன்னா வீணாப் பூடும்” என்று சொல்லிவிட்டுத் தூளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீணாகப் போய்விடும் என்ற அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கவலைப்பட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தால், எதையோ மறந்துவிட்டோம் என்று தோன்றுகிற ஆள் நான். “படம் போடறதுக்குப் போயி இவ்ளோ ரோதனையா? அதுபாட்டுக்குப் போட்டுக்கினு இருக்குது, வுடேன்” என்றார் என் கணவர். அவருக்கென்ன, மெஷின் பெல்ட் அறுந்தால் மட்டும்தான் கவலை. மில்லுக்கு வருகிறவர்களைக் கேட்டேன். டைப்ரைட்டிங்கில் போடு என்றார்கள், இந்தியில் போடு என்றார்கள். கேழ்வரகு அரைக்க வந்த ஒரு பெரியம்மா, “பொம்பளப் புள்ள படம் போட்டு இன்னா ஆவப் போவுது? கோலம் போடத் தெரிஞ்சா பத்தாதா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருடைய கேழ்வரகைக் கொஞ்சம் கரகரப்பாகவே அரைத்துக் கொடுத்தேன்.

என் மகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் அதிகம் பேச மாட்டாள். எது சொன்னாலும் “சரி” என்பாள். சாப்பிடு என்றாலும் சரி, அப்புறம் சாப்பிடு என்றாலும் சரி. தெருவில் எல்லோரும் தங்கமான பிள்ளை என்பார்கள், எனக்கும் அதில் பெருமைதான். சின்ன வயதில் எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டுவாள். சோறு சோத்தாங்கையில்தான் தின்ன வேண்டும் என்றோம், சரி என்று மாற்றிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எழுத்தையும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள், அதற்கும் சரி. படம் மட்டும் பீச்சாங்கையிலேயே தங்கிவிட்டது. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

முதலில் பார்த்த வகுப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, அச்சடித்த கிளிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கிளியும் ஒரே கிளி. கோட்டுக்கு வெளியே வண்ணம் போனால் அந்த அம்மா ஸ்கேலால் மேசையைத் தட்டினார். என் மகளிடமும் ஒரு கிளியைக் கொடுத்தார்கள். அவள் அடிக்கத் தொடங்குவதற்குள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகு, அவசரப்பட்டு விட்டோமோ, மற்ற பிள்ளைகளெல்லாம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்க நம் பிள்ளை மட்டும் தெருவில் நிற்கிறதே என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

இரண்டாவது, கடைகளுக்கு போர்டு எழுதுகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுக் கூடத்தில் நடத்திய வகுப்பு. சுவரில் அவர் போட்ட யானை ஒன்று இருந்தது. அதன் கண் என்னைப் பார்த்தது. இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். புதிய பிள்ளைகளை அவர் விஜயதசமி அன்றுதான் சேர்ப்பார். அதுவரை காத்திருந்து, வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு போனோம். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பியிருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக மடியில் உட்கார வைத்து, வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் அரிசியில் பிள்ளையார் சுழி போட வைத்தார். அப்படியே அந்த விரலைப் பிடித்து ஒரு மாங்காய் வரைய வைத்தார். பிறகு அதே கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார். என் மகள் முறை வந்தபோது நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளி போனது, மழை வந்தது. அவள் ஞாயிறுதோறும் போய் வந்தாள். கொண்டுவந்த தாள்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பேன். மாங்காய் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. குடத்தின் ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் சப்பிக் கிடந்தது. கோடெல்லாம் நடுக்கம். மில்லில் மாவு படிந்து கிடந்தாலும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மூலையில் உட்கார்ந்து பென்சிலும் நோட்டுமாக இருப்பாள். வலது கையில் பென்சிலைப் பார்த்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று நானும் அரவையைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஒரு நாள் தலை வாரிவிடும்போது கேட்டேன். “சார் அடிக்கிறாரா?”

“இல்ல.”

“கிளாஸ் புடிக்கலயா?”

“புடிக்குது.”

“வேணாம்னா நின்னுடலாமா?”

“சரி.”

“இல்ல, போய்க்கினு இருக்கியா?”

“சரி.”

இந்தப் பிள்ளையிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? சாரிடமே போய்க் கேட்டேன். “கை வரலம்மா. எல்லாருக்கும் வராது. போவப் போவ வரும்” என்றார். கை வராத பிள்ளையா என் பிள்ளை? அந்த எருமையைப் போட்டது யார் பிள்ளை? அவரிடம் ஒன்றும் சொல்லாமல் வந்து, வீட்டில் பாத்திரங்களிடம் சொன்னேன். கற்றுத்தந்தே கெடுத்துவிட்டோம், டீச்சரம்மா சொன்ன மாதிரி வீணாய்ப் போனது, அதுவும் நானே தேடிப் போய்ச் சேர்த்த இடத்தில் என்ற எண்ணம் என்னைச் சோறு தின்ன விடவில்லை.

பொங்கலுக்கு மாவு அரைக்க டீச்சரம்மா மறுபடி வந்தார். சொல்லி அழுதுவிட்டேன். அவர்தான் மலைமேல் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகச் சொன்னார். ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். காலையில் பாடம், மதியத்துக்கு மேல் ஓவியம், களிமண் வேலை, பாட்டு, நாடகம். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். “ஒரு நாளு கூட்டிக்கினு போயி வுட்டுப் பாருங்க. புடிச்சா சேருங்க” என்றார். கல்வராயன் மலை என்றதும் என் கணவர், “குளுரு, அட்டை, பஸ்ஸு கம்மி. அவ்ளோ தூரத்துல புள்ளைய வுட்டுட்டு நீ ராத்திரி தூங்கிடுவியா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

மில்லுக்கு விடுமுறை விட்டுவிட்டு நானும் மகளும் மலை பஸ்ஸில் ஏறினோம். கச்சிராயபாளையம், சர்க்கரை ஆலை, கரும்பு வண்டிகள், கோமுகி அணை. அதற்குப் பிறகு பஸ் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. இந்த வழியில் வாரம் ஒரு முறையாவது வந்து பார்க்க முடியுமா, மழைக்காலத்தில் மரம் விழுந்தால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி எங்கே என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

பள்ளிக்கூடம் என்றால் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம், பக்கத்தில் சாமைக் கொல்லை, எதிரே ஒரு கடுக்காய் மரம். மலைப் பிள்ளைகளும் கீழேயிருந்து வந்த பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிற அம்மா என் மகள் முன்னால் பெரிய தாளை விரித்துக் கரித்துண்டைக் கொடுத்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. மகள் கரித்துண்டை வலது கையில் எடுத்தாள். எதிரே கட்டியிருந்த ஆட்டை வரைந்தாள். ஆட்டுக்குக் கால்கள் நான்கு திசைக்குப் போயின. பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். எனக்கு உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் போலிருந்தது.

அந்த அம்மா தாளை ஓரமாக நகர்த்தினார். ஒரு கை களிமண்ணைக் கொண்டுவந்து வைத்தார். மகள் பிசைந்தாள். உருட்டியது, இழுத்தது, கிள்ளியது எல்லாம் இடது கை. வலது கை வெறுமே பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓர் ஆடு எழுந்து நின்றது. தலையைத் திருப்பித் தன் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா குனிந்து, “படத்தையும் இந்தக் கையாலயே போட்டுப் பாரேன்” என்று இடது கையைத் தொட்டார்.

மகள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். “படத்துக்கு அந்தக் கை இல்ல. இந்தக் கைதான்” என்று வலது கையைக் காட்டினாள்.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. சாரு அரிசியில இந்தக் கையத்தான புடிச்சாரு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விஜயதசமியன்று எல்லாப் பிள்ளைக்கும் வலது கையைத்தான் பிடிப்பார்கள், அதுதான் வழக்கம். இவள் பீச்சாங்கையால் வரைகிறவள் என்று சாருக்குத் தெரியாது. கையைப் பிடித்தது சாமிக்காக, படத்துக்கு எந்தக் கையாக இருந்தாலும் ஒன்றுதான் என்று ஒருவரும் இவளுக்குச் சொல்லவில்லை. சோறு, எழுத்து மாதிரி இதையும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள் போல என்று நினைத்து, சரி என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவருக்குச் சொல்லப் போகிற சேதியை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளைக்குக் கை வரும். கெட்டுப் போகவில்லை. ஆனால் பஸ் அடிவாரம் வருவதற்குள் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மழைக்காலம் முழுக்க ஒரு பிள்ளை வராத கையால் வரைந்திருக்கிறது. கோணிப் போவதைப் பார்த்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவள் இன்னும் எதையெல்லாம் சரி என்று விழுங்கி வைத்திருக்கிறாளோ? இந்த மலைமேல் விட்டுவிட்டு வந்தால், பசித்தால் சொல்வாளா, யாராவது கிள்ளினால் சொல்வாளா? நான் போய்க் கேட்டாலும், நல்லா இருக்கியா என்பதற்கு ஒரு சரிதான் கிடைக்கும்.

மறு ஞாயிறு நானே வகுப்புக்குப் போய்ச் சாரிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “எந்தக் கையில போட்டா எனக்கு இன்னாம்மா? ஒரு வார்த்த சொல்லி இருந்தா வுட்டுருப்பேனே” என்றார். அவரே பென்சிலை எடுத்து அவளுடைய இடது கையில் வைத்தார். அன்று மாங்காய் மாங்காயாக வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் மற்றப் பிள்ளைகள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“அவ்ளோதான, பிரச்சன தீந்துபோச்சு. மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றார் என் கணவர். மலைப் பள்ளியிலிருந்து, இடம் இருக்கிறது, பள்ளி திறப்பதற்குள் பதில் சொல்லுங்கள் என்று டீச்சரம்மா மூலம் கேட்டு அனுப்பினார்கள். கோடை முழுக்க நான் இரண்டு பக்கமும் இழுபட்டேன். அந்தக் களிமண் ஆடு கண்ணுக்குள்ளேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் அது வராது. ஆனால் வாய் திறக்காத பிள்ளையை யாரை நம்பி விடுவது? கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அவளை முன்னால் உட்கார வைத்துப் பின்னல் போட்டுக்கொண்டே சொன்னேன். “நீ மலைக்குப் போவ வேணாம். ஞாயித்துக்கெழம கிளாஸே போதும்.”

வழக்கமான ‘சரி’ வரவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி சொன்னேன்.

“நான் அங்க போறம்மா” என்றாள்.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வராதா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். வந்ததோ என்னை விட்டுப் போகிறேன் என்று. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

“அங்க யாருக்கு உன்னத் தெரியும்? வவுறு வலிச்சா யாருகிட்ட சொல்லுவ?”

“அந்த அம்மாகிட்ட.”

“நீயா? நீ எங்க சொல்லப் போற?”

“இப்ப சொல்றன் இல்ல” என்றாள்.

பின்னலை இழுத்துப் போட்டேன். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, “இறுக்காதம்மா, வலிக்குது” என்றாள்.

பிறந்த முடி இறக்கி மறுமுடி வளர்ந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் பின்னிக்கொண்டிருந்தேன். வலிக்கிறது என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னலை அவிழ்த்து, தளர்வாக மறுபடி போட்டேன். “இப்ப?” என்று கேட்டேன். “இப்ப வலிக்கல” என்றாள். அவள் அப்பாவைக் கூப்பிட்டு, கடைத்தெருவுக்குப் போனால் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வரச் சொன்னேன்.