கயிறு அவிழ்க்கும் முன்னே ஒரு காவியம்

போன ஞாயிறு எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில், எங்கள் வாசகர் வட்டத்தில் பேசினேன். தலைப்பு: பழைய சீனக் கவிதையும் கிரேக்கக் காவியமும். தலைப்பை வைத்ததும் நான்தான், ஒரு மணி நேரம் அறுத்ததும் நான்தான்.

சாரம் இவ்வளவுதான். கிரேக்கக் காவியத்து வீரன் ஈட்டியை எறிவதற்கு முன், தன் தாத்தா பெருமை வரை பேசிவிட்டுத்தான் எறிவான். கடலில் இறங்கினால் புயல், அரக்கன், தெய்வக் கோபம்... சீனக் கவிதையில்? ஓர் அரசு அதிகாரிக்குத் தூரத்து ஊருக்கு டிரான்ஸ்ஃபர். ஆற்றங்கரையில் நண்பன் ஒரு கோப்பை ஊற்றித் தருகிறான். படகு போகிறது. நாலு வரி, முடிந்தது. சொல்லாமல் விடுவதுதான் கவிதை என்று மேஜையைத் தட்டினேன். கைதட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை என் மனைவி செல்வி கேம்ப்பெல் பே என்ற ஊருக்குக் கிளம்பினாள். அரசு நர்ஸ். எங்கள் தீவுக்கூட்டத்தின் தென்கோடிக்கு இரண்டு வருட போஸ்டிங். கல்யாணமானதிலிருந்து நாங்கள் பிரிந்து இருந்ததே இல்லை.

கப்பல் ஏறும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு எங்களை வேனில் கொண்டுவந்து விட்டவர் ரஹ்மத் பாய், டாலிகஞ்சில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். பெண் பார்த்த நாள், போட்ட சண்டைகள், கேட்காத மன்னிப்புகள், இனிமேல் ஈரத் துண்டைக் கட்டிலில் போடவே மாட்டேன் என்ற சத்தியம்... அழுதது நான்தான்.

"சரிங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

அப்போது ஜெட்டி ஊழியர் ஒருவர் வந்து, "மௌசம் கராப் ஹை. ஷிப் கல் ஜாயேகா" என்றார். வானிலை சரியில்லை, கப்பல் நாளைக்குத்தான்.

ரஹ்மத் பாய் பெட்டியைத் திரும்ப வேனில் ஏற்றினார். "என்ன சார், இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க. கப்பல் கயிறு அவுக்குறதுக்கு முன்னாடி யாராவது டாட்டா சொல்வாங்களா?"

நியாயம்தான். நான் இதுவரை யாரையும் வழியனுப்பியதில்லை. எப்போதும் அவளோடு கப்பலில் ஏறியவன்.

அன்று சாயங்காலமே செல்வியின் குரல் கேட்டது. "ஈரத் துண்டு கட்டில்மேல கெடக்கு."

மறுநாள் மறுபடி ஜெட்டி. பேச என்ன மிச்சம்? எல்லாவற்றையும்தான் நேற்றே கொட்டித் தீர்த்துவிட்டேனே. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் ஏறினாள். இந்த முறை நிஜமாகவே கயிற்றை அவிழ்த்தார்கள்.

மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தாள். "மாவு அரைச்சு வெச்சிருக்கேன். புளிக்கறதுக்குள்ள ஊத்திக்குங்க."

"சரி" என்றேன். கப்பல் நகர்ந்தது.

சொல்லாமல் விடுவது கவிதை என்று மேஜையைத் தட்டியவன், வீடு திரும்பி அடுப்பில் கல்லை வைத்தேன். தனியாகத் தோசை ஊற்றினேன். கல்லிலேயே பிய்ந்தது.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தி ஏன் இந்த வாரம் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார்.

வீடு பெரிதாகிவிட்டது, சார்.